‘ஸ்லாஷ் சேஃப்’ போட்டுப் பார்த்தீங்களா? அவுட்லுக் திறக்காதபோது நடந்ததைப் பகிருங்கள்

திருப்பூர், 15 வேலம்பாளையம்

வணக்கமுங்க. பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக, அதாவது பையரோடு பேசி ஆர்டரைக் கவனிப்பவளாக இருக்கிறேன். எங்கள் பொழைப்பு முழுக்க மெயிலில்தான். பையர் ஜெர்மனிக்காரர். அவருக்குக் காலை 9 மணி என்றால், கோடையில் நமக்குப் பகல் 12.30. நாம் சாப்பிட எழுந்திருக்கும் நேரத்தில்தான் லேப் டிப் (சாய நிற மாதிரி) அப்ரூவல், அளவுத் திருத்தம் எல்லாம் வந்து விழும்.

ஷிப்மெண்டுக்கு முந்தின நாள். பேக்கிங் லிஸ்ட் அனுப்பியே ஆக வேண்டும். மெயில் பார்க்கும் மென்பொருளான அவுட்லுக்கைத் திறந்தால் ‘லோடிங் புரொஃபைல்’ என்று வருகிறது, அதோடு நிற்கிறது. மூன்று முறை கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். சர்வீஸ் பையன் வந்து பார்த்துவிட்டு, “ஃபார்மேட் அடிச்சரலாங்க்கா, சாயந்திரத்துக்குள்ள ரெடி பண்ணிக் குடுத்தர்றேன்” என்றான். எட்டு வருட மெயில் அந்த ஒரே மெஷினில் இருக்கிறது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

கோயமுத்தூரில் சிஸ்டம்ஸ் வேலையில் இருக்கும் பெரியம்மா மகனுக்குப் போன் போட்டேன். “எதையும் அழிக்க விடாத அம்மிணி. மொதல்ல டாஸ்க் மேனேஜர்ல அவுட்லுக் உள்ளுக்குள்ள ஓடிட்டு இருக்குதான்னு பாரு” என்றார். ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதை முடித்துவிட்டேன். அப்புறம் விண்டோஸ் பட்டனையும் ஆர் பட்டனையும் சேர்த்து அழுத்தி, வந்த ரன் பெட்டியில் அவுட்லுக், ஒரு இடைவெளி, ஸ்லாஷ், சேஃப் என்று அடிக்கச் சொன்னார். அடித்தேன். திறக்கவில்லை, பிழைச் செய்திதான் வந்தது.

“எந்தக் கோடு போட்ட?”

“என்டருக்கு மேல இருக்கறதுங்ண்ணா.”

“அது இல்ல கண்ணு. வலது ஷிஃப்டுக்குப் பக்கத்துல, கேள்விக்குறி இருக்கற பட்டன்.”

மாற்றிப் போட்டேன். எந்தப் புரொஃபைல் (மெயில் கணக்கும் அதன் அமைப்புகளும் சேர்ந்த தொகுப்பு) என்று ஒரு பெட்டி கேட்டது, ஓகே கொடுத்தேன். இன்பாக்ஸ் வந்துவிட்டது! மேலே தலைப்புப் பட்டையில் சேஃப் மோட் என்று இருந்தது. முதல் வேலையாகப் பேக்கிங் லிஸ்டை அனுப்பிவிட்டு, தண்ணீர் குடித்தேன்.

அண்ணன் அப்புறம் விளக்கினார். சேஃப் மோடில் ஆட்-இன்கள் (அவுட்லுக்கோடு ஒட்டி ஓடும் துணை மென்பொருள்கள்) ஏறாது, நாம் மாற்றி வைத்த டூல்பார் அமைப்பு வராது. அதில் திறந்து சாதாரணமாகத் திறக்கவில்லை என்றால், மெயில் இருக்கும் ஃபைலில் கோளாறு இருக்க வாய்ப்புக் குறைவு. அவுட்லுக்கோடு தொத்திக்கொண்டு ஏறும் ஏதோ ஒன்றுதான் தடுக்கிறது. ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் என்று போய், கீழே காம் ஆட்-இன்ஸ் பக்கத்தில் ‘கோ’ அழுத்தினால் பட்டியல் வரும். எல்லா டிக்கையும் எடுத்துவிட்டு, சாதாரணமாகத் திறந்து, ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டேன். மூன்றாவதைப் போட்டதும் பழையபடி நின்றது. அது பிடிஎஃப் மென்பொருள் ஒன்றோடு வந்த ஆட்-இன். அதை மட்டும் எடுத்துவிட்டேன், இன்று வரை தொந்தரவு இல்லை.

இதற்கா ஃபார்மேட் அடிக்கப் பார்த்தோம் என்று இன்னும் மனசு ஆறவில்லை. உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்க.

கரூர், பெட்ஷீட் ஏற்றுமதி அலுவலகம்

எங்களுக்கு வந்தது வேறு. அவுட்லுக் விண்டோவைத் திறக்க முடியவில்லை என்று செய்தி காட்டிவிட்டு மூடிக்கொள்ளும். ரீசெட்நாவ்பேன் என்ற சுவிட்ச் (சேஃப் போலவே ஸ்லாஷுக்குப் பின்னால் அடிக்கும் சொல்) அதைச் சரி செய்தது. மூன்று சொல்லையும் இடைவெளி விடாமல் சேர்த்தே அடிக்க வேண்டும். இடது பக்கப் பலகத்தின் அமைப்பு கெட்டுப்போயிருந்தால், அதை அழித்துப் புதிதாக உண்டாக்கும். ஃபேவரிட்ஸில் வைத்திருந்த ஃபோல்டர்கள் அங்கிருந்து போய்விடும், ஆனால் மெயில் எதுவும் போகாது.

அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஒரு சுவிட்ச் வேலை செய்த தைரியத்தில், மெயில் தப்பான ஃபோல்டருக்குப் போகிறது என்று கிளீன்ரூல்ஸ் போட்டுவிட்டேன். வரும் மெயிலைப் பையர்வாரியாக, ஆர்டர்வாரியாகத் தானே பிரித்துப் போட எழுதி வைத்திருந்த ரூல்ஸ் அத்தனையும் போய்விட்டது. கம்ப்யூட்டரில் இருந்தது மட்டுமில்லை, சர்வரில் இருந்ததும் சேர்ந்தே போனது. திரும்ப எழுத இரண்டு நாள் ஆயிற்று. தயவுசெய்து கேளுங்க: கிளீன் என்று தொடங்கும் சுவிட்சுகளில் பெரும்பாலானவை எதையாவது அழிக்கும். கிளீன்வியூஸ் நீங்கள் அமைத்த பார்வைகளை எடுத்துவிடும். கிளீன்ஆட்டோகம்ப்ளீட்லிஸ்ட், பெயரடிக்கும்போது தானாக வரும் முகவரிகளைத் துடைத்துவிடும். ரூல்ஸ் பக்கத்தில் ஆப்ஷன்ஸுக்குள் எக்ஸ்போர்ட் இருக்கிறது. அதை ஒரு முறை எடுத்து வைத்துவிட்டு அப்புறம் தொடுங்கள்.

ஈரோடு

நாங்கள் மஞ்சள் வியாபாரம். கடையில் மெயிலுக்கு அவுட்லுக் இல்லை, தண்டர்பேர்ட் என்ற வேறு மென்பொருள். அதன் பழைய 32 பிட் பதிப்பை எடுத்துவிட்டுப் புதிதாக 64 பிட் பதிப்பைப் போட்டதும், மெயில் ஒன்றுகூட இல்லாமல் ‘புதுக் கணக்கைத் தொடங்குங்கள்’ என்று வந்தது. அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை, கல்லாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தை மறக்க முடியாது.

ரன் பெட்டியில் தண்டர்பேர்ட்.எக்ஸ்இ, இடைவெளி, மைனஸ், பெரிய எழுத்து பி. (இதற்கு ஸ்லாஷ் பழக்கமில்லை, மைனஸ்தான்.) புரொஃபைல் பட்டியல் வந்தது. பழையது ஒன்று, ‘டிஃபால்ட்-ரிலீஸ்’ என்று புதிதாக ஒன்று. பழையதைத் தேர்ந்தெடுத்ததும் அத்தனை மெயிலும் இருந்த இடத்திலேயே இருந்தது. 2019-இல் வந்த 68-ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு நிறுவலுக்கும் தனிப் புரொஃபைல் என்று ஆக்கிவிட்டார்கள். வேறு ஃபோல்டரில் நிறுவினால் வேறு புரொஃபைலைத் திறக்கும். மெயில் எங்கும் போகவில்லை என்று அப்பாவிடம் சொல்ல முடிந்ததே, அதுதான் எனக்குப் பெரிது.

கோயமுத்தூர், பீளமேடு

கோளாறுக்கு மட்டுமில்லாமல் தினசரி வேலைக்கும் சுவிட்ச் உதவும். எங்கள் முதலாளிக்குப் பம்ப் கம்பெனி ஒன்று, ஃபவுண்டரி ஒன்று, இரண்டுக்கும் தனித்தனிப் புரொஃபைல். டெஸ்க்டாப்பில் இரண்டு ஷார்ட்கட் வைத்து, ப்ராப்பர்ட்டீஸில் டார்கெட் வரியின் கடைசியில் ஸ்லாஷ் புரொஃபைல், இடைவெளி, புரொஃபைலின் பெயர் என்று சேர்த்தேன். அந்த வரியை மூடும் மேற்கோள் குறிக்கு வெளியேதான் சேர்க்க வேண்டும், உள்ளே போட்டால் ஏற்காது. ஒரு சமயத்தில் ஒன்றுதான் திறக்கும், மற்றதை மூடிவிட்டுத்தான் மாற வேண்டும்.

பல்லடம்

ஏனுங்க, இப்பத்தான் செய்து பார்த்தேன். எனக்குச் சேஃபிலும் திறக்கவில்லை. நேற்று தறி ஓடும்போது கரண்ட் போனது, யுபிஎஸ் பேட்டரியும் செத்துக் கிடக்கிறது. என்ன பண்ணட்டுமுங்க?

திருப்பூர், 15 வேலம்பாளையம்

அப்படியானால் ஆட்-இன் காரணமாக இருக்காதுங்க. அண்ணனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். எழுதிக்கொண்டிருக்கும்போது மெஷின் அணைந்தால், மெயில் எல்லாம் இருக்கும் பிஎஸ்டி ஃபைல் கெட வாய்ப்பு அதிகமாம். முதலில் அந்த ஃபைலை வெளி டிரைவில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள். நகல் எடுக்காமல் அடுத்த வேலைக்குப் போக வேண்டாம். அப்புறம் ஆபீஸ் நிறுவியிருக்கும் ஃபோல்டரிலேயே ஸ்கேன்பிஎஸ்டி என்று ஒன்று இருக்கும். அதைத் திறந்து ஃபைலைக் காட்டி ஸ்டார்ட் கொடுங்கள், பிழை இருந்தால் ரிப்பேர் கேட்கும். ஒரே முறையில் முடியாமல் போகலாம், பிழை இல்லை என்று வரும்வரை திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னார்.

பல்லடம்

நகல் எடுத்துட்டேனுங்க. 9 ஜிபி இருக்கிறது, ஸ்கேன் ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்து வீட்டு யுபிஎஸ்ஸை வாங்கி மாட்டிவிட்டேன். முடிந்ததும் சொல்கிறேன்.