உப்புவெளியில சூம் வகுப்புக்கு எந்த டேட்டா பெக்கேஜ்?

வணக்கம் உறவுகளே. திருகோணமலை உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் பாவிக்கிற ஆக்கள் சொல்லுங்கோ: பின்னேரம் 6க்கும் 9க்கும் இடையில வீட்டுக்குள்ள 4ஜி நல்லா நிக்கிறது எந்த சிம்முக்கு?

தேவை பிள்ளைட சூம் வகுப்பு, நாளுக்கு 2 மணித்தியாலம். வீடியோவோட மணித்தியாலத்துக்கு 1 ஜிபி அளவில போகும். மாதம் 60 ஜிபி. பெக்கேஜில பாதி நடுச்சாமத்து டேட்டா எண்டால் வேலையில்லை (அந்த நேரம் ஆர் படிப்பிக்கிறது!). சூம் மட்டும் அன்லிமிட்டட் எண்டாலும், வகுப்புக்கு வாற யூடியூப் லிங்க் வேற டேட்டாவிலதான் வெட்டும்.

வேகத்தை அளந்து போடேக்க அப்லோடையும் போடுங்கோ. டவுன்லோட் 20 எம்பிபிஎஸ் காட்டினாலும் அப்லோட் நல்லாக் குறைவு எண்டால் பிள்ளைட குரல் அறுந்தறுந்து போகலாம். ஹொட்ஸ்பொட் போட விடுதா எண்டும் சொல்லுங்கோ, லெப்டொப்பில படிக்கிறது.