இருபது அடிப் பாய்ப்படகுக்கு ஓரக்கம்பி வேண்டுமா?

பாளை வாசகன்:
அனைவருக்கும் வணக்கம். சுமார் 6 மீட்டர் நீளமும் சிறிய அறையும் கொண்ட பைபர் பாய்ப்படகு ஒன்றை வாங்கியிருக்கிறேன். மணப்பாட்டில் நிறுத்தி, காற்று ஒத்துவரும் நாள்களில் உவரி வரை போய்த் திரும்ப வேண்டும் என்பது விருப்பம். என்னுடன் பெரும்பாலும் வரப்போகிறவர்கள் எட்டு வயதும் பதினொரு வயதும் ஆன என் பிள்ளைகள். படகின் தளத்தைச் சுற்றி இரண்டு அங்குல உயர விளிம்பு இருக்கிறதே தவிர வேறு தடுப்பு எதுவும் இல்லை. லைஃப்லைன் என்று சொல்கிறார்களே, அதாவது ஓரத்தில் சிறு கம்பங்களை நட்டு அவற்றினூடே இழுத்துக் கட்டும் எஃகுக் கம்பி, அது இவ்வளவு சிறிய படகுக்கு அவசியமா, அல்லது அந்தப் பணத்தை வேறு பாதுகாப்புப் பொருள்களுக்குச் செலவிடுவது நல்லதா என்பதைக் கடலறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

உவரிக் கடலோடி:
தம்பி, வேண்டாம் என்பதே என் கருத்து. எங்கள் கரையில் கட்டுமரத்திலும் வள்ளத்திலும் தொழில் செய்தவர்கள் கம்பித் தடுப்புக்குள் நின்று கடலுக்குப் போனதில்லை. உடம்பைத் தாழ்த்தி, காலை அகட்டி, ஒரு கையால் மரத்தையோ கயிற்றையோ பற்றிக்கொண்டுதான் அவர்கள் அடுத்த அடியை வைத்தார்கள். உங்கள் படகில் பொருத்தக்கூடிய கம்பி ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். வளர்ந்த ஆளுக்கு அது முழங்கால் அளவு. படகு சட்டென்று சாயும்போது முழங்காலில் தட்டுகிற கம்பி ஆளை நிறுத்தாது, இடறித் தலைகுப்புற வெளியே தள்ளிவிடும். அதைவிட மோசமானது, கம்பி இருக்கிறது என்ற தைரியத்தில் குனிந்து போக வேண்டிய இடத்தில் நிமிர்ந்து நடக்கும் பழக்கம். பாய்களை ஏற்றி இறக்கும் கயிறுகளைச் சுக்கான் பக்கம் வரை கொண்டுவந்துவிட்டால் நீங்கள் அணியத்துக்கு, அதாவது படகின் முன்முனைக்கு, போக வேண்டிய தேவையே பெரும்பாலும் இருக்காது. பணத்தை அந்த வேலைக்கும் நல்ல மிதவைச் சட்டைகளுக்கும் செலவிடுங்கள்.

கூடங்குளம் பொறியாளர்:
அண்ணாச்சி, உயரத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரி, அதிலிருந்து எடுத்த முடிவை ஏற்க முடியவில்லை. கரையை விட்டு விலகி நடக்கும் பந்தயங்களுக்கு, பாய்ப்படகு விளையாட்டின் உலக அமைப்பான வேர்ல்டு செய்லிங் வகுத்துள்ள விதிகளிலும், 8.5 மீட்டருக்குக் குறைந்த படகுகளுக்கு 45 சென்டிமீட்டர் உயரமும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 60 சென்டிமீட்டர் உயரமும் இரண்டு வரிசைக் கம்பியும் கேட்கப்படுகின்றன. முழங்கால் உயரம்தானே என்று தோன்றலாம். ஆனால் 6 மீட்டர் படகில் அலை எழும்போது அணியத்துக்குப் போகிறவர் நடந்து போவதில்லை, தவழ்ந்துதான் போகிறார். தவழ்கிறவருக்கு அந்தக் கம்பி தோளுக்கும் இடுப்புக்கும் நேராக நிற்கிறது. ஈரத்தளத்தில் வழுக்கிச் சரியும் உடம்பை அது கட்டாயம் தடுக்கும்.

நம் கடற்கரையின் காற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் குவிந்து வரும் கச்சான் என்னும் மேற்குக் காற்றை நம்பித்தான் முப்பந்தலிலிருந்து இராதாபுரம் பக்கம் வரை இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அந்தக் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரத்தில் தண்ணீர் அடங்கியே தெரியும், வெளியே போகப் போகத்தான் அலை கூடும். விழுந்தவரும் விட்டுப்போன படகும் மன்னார் வளைகுடாவின் வெளிப்பக்கமாக விலகிப் போவார்கள். மணிக்கு 5 கடல்மைல் வேகத்தில் ஓடும் படகு அரை நிமிடத்தில் 75 மீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடும். ஒன்றரை மீட்டர் அலைக்கு நடுவில் அந்தத் தொலைவில் ஒரு தலையைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. விழாமல் தடுப்பதற்கான எந்த ஏற்பாட்டையும் நாம் கைவிடக் கூடாது.

உவரிக் கடலோடி:
தடுக்கும் என்று உறுதியாகச் சொல்கிறீர்கள். எதைப் பிடித்துக்கொண்டு அந்தக் கம்பம் நிற்கும் என்பதையும் சொல்ல வேண்டும் அல்லவா? 80 கிலோ எடையுள்ள ஆள் 45 சென்டிமீட்டர் உயரத்தில் சாய்ந்தால், 6 சென்டிமீட்டர் இடைவெளியில் போட்டிருக்கும் அடிப்போல்ட்டுகளில் ஒன்றின் மீது சுமார் 600 கிலோ இழுவிசை விழும். இது அசையாமல் சாய்ந்து நிற்பவருக்கான கணக்கு. எறியப்பட்டு மோதுகிறவருக்கு இதைவிடக் கூடும். ஓரக்கம்பிக்கென்று வார்க்கப்படாத பைபர் தளம் அந்த இடத்தில் மெலிதாகத்தான் இருக்கும்.

தெரிந்த ஒருவரின் படகில் வெள்ளை பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் புதுக்கருக்கு மாறாமல் இருந்தது, முனையில் மட்டும் விரல் அகலத்துக்குப் பழுப்புக் கறை. உறையைக் கத்தியால் சீவிப் பார்த்தபோது உள்ளே இழைகளில் பாதி அறுந்து, மீதி விரலால் நிமிண்டினாலே பொடிந்தன. அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் அவருடைய விருந்தினர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இப்படி ஒரு கம்பி இருப்பதைவிட இல்லாதிருப்பதே மேல்.

கூடங்குளம் பொறியாளர்:
நீங்கள் கண்டது நடக்கக்கூடியதே. துருப்பிடிக்காத எஃகு தன்னைக் காத்துக்கொள்ள அதன் மேல் ஆக்சிஜன் படவேண்டும். உறைக்குள் உப்புத் தண்ணீர் தேங்கினால் காற்றுப் படாமல் உள்ளேயே அரித்துவிடும். அதனால்தான் அந்தப் பந்தய விதிகள் உறை போட்ட எஃகுக் கம்பியை ஏற்பதில்லை. சிறு படகுக்கு உறையில்லாத, குறைந்தது 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியைக் கேட்கின்றன. அதோடு, கம்பங்களை நம் ஊர்க் கதவு, படிக்கட்டுக் கைப்பிடிப் பட்டறையில் செய்யக் கொடுத்தால், கேட்காமலேயே 202 தர எஃகுக் குழாயைப் போட்டுவிடுவார்கள். வீட்டு மாடிப்படிக்கு அது போதும், கடலுக்கு ஆகாது. 316 தரம் என்று எழுதி வாங்க வேண்டும். கம்பத்தின் அடியில், தளத்துக்கு உட்புறமாக, உள்ளங்கை அகலத்துக்குக் குறையாத தகட்டை வைத்து முடுக்கினால் நீங்கள் சொன்ன 600 கிலோ ஒரே புள்ளியில் இறங்காமல் பரவிவிடும். கம்பங்களுக்கு இடையே 2.2 மீட்டருக்கு மேல் இடைவெளி விடக் கூடாது. இவற்றைச் செய்ய முடியாதென்றால் போட வேண்டாம் என்று நானும் சொல்வேன். சரியாகச் செய்ய முடிகிற ஒன்றை, யாரோ தவறாகச் செய்தார் என்பதற்காக விலக்கக் கூடாது.

தோணிக்காரர் பேரன்:
தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போன தோணிகளில் பக்கச்சுவர் உயரமாக இருந்ததால் அங்கே இந்தக் கேள்வி எழவில்லை. தட்டையான தளமுள்ள சிறு படகில் நான் முதலில் வைப்பது ஹார்னஸ்தான், அதாவது உடம்பில் அணிந்து வாரால் படகோடு பிணைத்துக்கொள்ளும் கச்சை. பிரான்சின் புகழ்பெற்ற பாய்மரப் படகோட்டி எரிக் தபர்லி 1998 ஜூனில் ஐரிஷ் கடலில் இரவு நேரத்தில் பாய் மாற்றும்போது பாயைத் தாங்கும் மரம் அடித்துக் கடலில் விழுந்து இறந்தார். உலகக் கடல்கள் எல்லாம் அறிந்த அவர் அன்று ஹார்னஸ் அணிந்திருக்கவில்லை.

உங்கள் படகின் அகலம் இரண்டரை மீட்டருக்குள் இருக்கும். நடுக்கோட்டில், அணியத்திலிருந்து பின்பக்கம் வரை ஒரு பட்டை வாரை இறுக்கிக் கட்டி, அதில் 1 மீட்டர் இணைப்பு வாரை மாட்டிக்கொண்டால் ஓரத்தைத் தாண்டி விழும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். 2 மீட்டர் வார் வேண்டாம். அது உங்களைத் தண்ணீரில் தொங்கவிட்டு இழுத்துச் செல்லும். அப்படி இழுபட்டே மூழ்கியவர்கள் உண்டு. வாரின் முனையிலுள்ள கொக்கி பக்கவாட்டில் எங்கும் சிக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். 2017இல் உலகைச் சுற்றிய பந்தயப் படகு ஒன்றில் கொக்கி அப்படிச் சிக்கி, வளைந்து திறந்துகொண்டதால் ஓர் உயிர் போனது. 1979 ஃபாஸ்ட்நெட் பாய்ப்படகுப் பந்தயத்தில் 15 பேர் இறந்தார்கள். ஹார்னஸோ அதை மாட்டிய இடமோ முறிந்ததால் போன உயிர்களும் அவற்றில் அடக்கம். ஓரக்கம்பி போட்டாலும் கொக்கியை அதில் மாட்டக் கூடாது.

பாளை வாசகன்:
மூவருக்கும் நன்றி. ஹார்னஸைக் கட்டாயம் வாங்குகிறேன். ஆனால் எட்டு வயதுப் பிள்ளை நாள் முழுவதும் வாரில் கட்டுண்டு உட்கார்ந்திருக்க மாட்டான். அவனுக்காகவாவது ஓரக்கம்பி போடலாம் என்று தோன்றுகிறது.

உவரிக் கடலோடி:
ஒற்றைக் கம்பிக்குக் கீழே உள்ள 40 சென்டிமீட்டர் இடைவெளியில் அந்தப் பிள்ளை அப்படியே சறுக்கிப் போய்விடுவான், தம்பி. பிள்ளைக்காக என்றால் கம்பி மட்டும் போதாது.

கூடங்குளம் பொறியாளர்:
கம்பிக்கும் விளிம்புக்கும் இடையே வலை பின்னிவிட்டால் அந்த இடைவெளி அடைபடும். இறக்கும்போது முன்பாயும் தண்ணீரில் விழாமல் அதில் தங்கும். வலை பின்னுவதற்கு மணப்பாட்டிலேயே கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். இதுவரை எல்லோரும் பிள்ளை விழுவதைப் பற்றியே பேசினோம். படகில் இருக்கும் ஒரே பெரியவர் நீங்கள். அணியத்தில் சிக்கிய கயிற்றை எடுக்கப் போகிறவரும் நீங்கள்தான். நீங்கள் விழுந்தால், பாய் ஏற்றிய படகைத் திருப்பி, காற்றுக்கு எதிராக நிறுத்தி உங்களைத் தூக்குவது யார்? என் வாதம் முழுவதும் இதைப் பற்றித்தான். திரும்பி வந்து எடுக்கத் தெரிந்த இருவர் உள்ள படகில் ஓரக்கம்பி இல்லாமல் சமாளிக்கலாம். உங்கள் படகில் அது தேவை.

உவரிக் கடலோடி:
இந்தக் கேள்வி சரியானது. ஆனால் அதற்குப் பதில் கம்பி அல்ல. நீங்கள் சொன்ன தகடும் வலையும் 316 குழாயும் போட்டாலும், நாற்பத்தைந்து சென்டிமீட்டரைத் தாண்டி ஒருவர் போகும் நாள் வரும். தண்ணீரில் இருப்பவர் தானே எட்டி இழுத்து இறக்கக்கூடிய ஏணியைப் பின்பக்கத்தில் பொருத்துங்கள்; ஓரக்கம்பி உள்ள படகில் பக்கவாட்டில் ஏறுவது இன்னும் கடினம் என்பதால் அது கூடுதல் அவசியம். பதினொரு வயதுப் பிள்ளைக்கு, சுக்கானால் படகின் முகப்பைக் காற்றின் பக்கம் திருப்பிப் பாய்க் கயிறுகளை அவிழ்த்துவிட்டுப் படகை நிறுத்தும் அந்த ஒரு வேலையை மட்டுமாவது, சிலுவைக் கோயில் மேட்டின் மறைவில் அடங்கிய தண்ணீரில், கைப்பழக்கம் ஆகும்வரை கற்றுக்கொடுங்கள். உவரிக்கு வருவது கச்சானுக்கு எதிராக வருவது. படகு சாய்ந்தே ஓடும், தளம் நனைந்தே இருக்கும். சுக்கான் பிடிக்கத் தெரிந்த இன்னொரு பெரியவர் கிடைக்கும்வரை, கம்பி போட்டாலும் போடாவிட்டாலும், பிள்ளைகளோடு மணப்பாட்டுக் குடாவைத் தாண்டாதீர்கள், தம்பி.