நாட்டுக்கு ஆடப் போய்க் காலை உடைத்துக்கொண்டு வந்தால் கிளப் என்ன செய்யும்?

நடுக்களம்8:
தேசிய அணி ஆட்டங்களுக்காகக் கால்பந்து லீக் நின்றாலே எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. பார்சா (பார்சிலோனா கிளப்) ரசிகர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 2023 நவம்பர் 19, வல்லாடோலிடில் ஸ்பெயினுக்கும் ஜார்ஜியாவுக்கும் ஆட்டம். ஸ்பெயின் யூரோவுக்கு, அதாவது ஐரோப்பிய நாடுகளின் கோப்பைக்கு, ஏற்கெனவே தகுதி பெற்றாயிற்று. பார்சாவின் நடுக்கள ஆட்டக்காரர் காவி ஒருமுறை விழுந்து, சிகிச்சை எடுத்துக்கொண்டு, எழுந்து மறுபடி ஆடினார். கொஞ்ச நேரத்தில் பந்தை அடக்கப் போன இடத்தில் சரிந்தார். அரைமணி நேரம்கூட ஆகவில்லை, அழுதுகொண்டே வெளியே போனார். இரண்டாம் பாதியில் ஃபெரான் டோரஸ் கோல் போட்டுவிட்டு காவியின் சட்டையைத் தூக்கிக் காட்டியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, இது சின்ன அடி இல்லை என்று. வலது முழங்காலில் எலும்புகளைப் பிணைக்கும் ஏசிஎல் நார் கிழிந்திருந்தது. 19 வயசுப் பையன், திரும்பி வர 11 மாதம்.

அதிலிருந்து யாராவது பாடம் படித்தார்களா? 2025 செப்டம்பரில் பார்சாவின் யமால் இடுப்படியில் வலியோடு ஸ்பெயின் முகாமுக்குப் போனார். வலி மாத்திரை கொடுத்து ஆட வைத்தார்கள் என்று பார்சா கோச் ஃபிளிக் செய்தியாளர்களிடம் வெளிப்படையாகவே சொன்னார். பல்கேரியாவை 3-0, துருக்கியை 6-0 என்று ஜெயித்த ஆட்டங்கள் அவை. ஆறு கோல் போடும் ஆட்டத்தில் வலியோடு இருக்கும் 18 வயசுக்காரனை 70 நிமிடத்துக்கு மேல் ஓட விட்டிருக்கிறார்கள். திரும்பி வந்து பார்சாவுக்குத்தான் ஆட முடியாமல் உட்கார்ந்தார். சம்பளம் கொடுப்பது கிளப், வளர்த்தது கிளப், கடன் வாங்கிய பொருளை உடைத்துத் திருப்பிக் கொடுப்பது மட்டும் தேசிய அணியா? கிளப் டாக்டர் வேண்டாம் என்றால் ஆட வைக்கக் கூடாது, அப்படி ஒரு விதி வர வேண்டும்.

ரோஹா2010:
நண்பரே, வருத்தம் புரிகிறது, ஆனால் பாதியைத்தான் சொல்கிறீர்கள். ஜார்ஜியா ஆட்டம் ஒப்புக்கு ஆடிய ஆட்டம் இல்லை. அன்று ஸ்பெயினுக்கு 18 புள்ளி, ஸ்காட்லாந்துக்கு 16. தோற்றிருந்தால் குழுவில் முதலிடம் கை நழுவியிருக்கலாம்.

அப்புறம் இந்த “வளர்த்தது கிளப்” என்பது. யமாலை உலகமே திரும்பிப் பார்த்தது எப்போது? 2024 ஜூலை 9, மியூனிக்கில் பிரான்சுக்கு எதிரான யூரோ அரையிறுதியில், 17 வயசு நிறைவதற்கு நான்கு நாள் முன்னால், பெனால்டி பாக்ஸுக்கு வெளியிலிருந்து கம்பத்தில் பட்டு உள்ளே போன அந்த அடி. அது ஸ்பெயின் சட்டையில் அடித்தது. நாட்டுக்காக ஆடுவது கிளப் கொடுக்கும் சலுகை மாதிரிப் பேசாதீர்கள், எந்த ஆட்டக்காரரைக் கேட்டாலும் சின்ன வயசுக் கனவு அதுதான் என்பார்.

நடுக்களம்8:
கனவு என்பதற்காகக் காயத்தோடு ஆட வைக்கலாமா? 2021-இல் பார்சாவின் பெத்ரிக்கு என்ன நடந்தது? 18 வயசில் யூரோ முழுக்க ஆட வைத்து, கையோடு டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கும் கூட்டிப் போனார்கள். அந்த ஒரு சீசனில் 73 ஆட்டம். அடுத்த சீசன் முழுக்கத் தொடைத் தசையோடு போராடினார்.

ரோஹா2010:
73-இல் 52 பார்சாவுக்காக ஆடியவை. அதை யார் ஆட வைத்தது?

பழைய விங்கர்:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எனக்கும் ஏசிஎல் போயிருக்கிறது, அதனால் காவி விழுந்த காட்சியை இன்றுவரை முழுசாகப் பார்த்ததில்லை. மாவட்ட அளவில் ஆடிக்கொண்டிருந்த காலம். முதல் பாதியிலேயே முழங்கால் லேசாக வீங்கியிருந்தது, நானே தொட்டுப் பார்த்தேன், பூரி மாதிரி மெத்தென்று இருந்தது. கோச் “ஆடுவியா?” என்று கேட்டார். “ஆடுவேன் சார்” என்றேன். இரண்டாம் பாதியில் ஒரு திருப்பம்தான், உள்ளே கயிறு அறுந்த மாதிரி ‘டப்’பென்று ஒரு சத்தம், அது எனக்கு மட்டும் கேட்ட சத்தம். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டிருக்கவே கூடாது. அந்த வயசில் எந்தப் பையனும் “முடியாது சார்” என்று சொல்ல மாட்டான்.

நஷ்ட ஈட்டு விஷயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2004 நவம்பரில் அப்துல் மஜித் ஊல்மர்ஸ் என்று ஒரு மொராக்கோ ஆட்டக்காரர், பெல்ஜியத்தின் ஷார்லெருவா கிளப். புர்கினா ஃபாசோவோடு ஒரு நட்பு ஆட்டத்தில் காயம், எட்டு மாதம் வெளியே. அந்தச் சின்ன கிளப் ஃபிஃபா மேல் வழக்குப் போட்டது, பெரிய கிளப்புகள் பின்னால் நின்றன, 2008-இல் சமரசம் ஆனது. இன்று ஃபிஃபாவின் காப்பீட்டில் ஒரு காயத்துக்கு அதிகபட்சம் 75 லட்சம் யூரோ, நாளுக்கு 20,548 யூரோ வரை சம்பளம் கிளப்புக்குக் கிடைக்கிறது. ஆனால் 28 நாளுக்கு மேல் வெளியே இருந்தால்தான் கணக்கு. யமாலுக்கு வந்த மாதிரி இரண்டு மூன்று வாரக் காயத்துக்கு ஒரு காசு கிடையாது. அதனால்தான் யாரும் பயப்படுவதில்லை என்று நினைக்கிறேன்.

நடுக்களம்8:
யமால் வலியோடு ஆடிய அதே வாரம் பாரிஸ் கிளப் பிஎஸ்ஜிக்கு நடந்ததையும் பாருங்கள். உக்ரைனோடு ஆடிய பிரான்ஸ் அணியில் முதல் பாதியில் தூவேக்குக் கெண்டைக்காலில் அடி. அவருக்குப் பதில் இறங்கியவர் தெம்பெலே, அவரும் தொடைப் பின்தசையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். ஜாக்கிரதை என்று முன்கூட்டியே தகவல் கொடுத்திருந்தோம் என்று கிளப் கடிதம் எழுதியது. முன்னாலேயே எழுதிக் கொடுத்தும் கேட்கவில்லை என்றால் வேறு என்னதான் செய்வது?

ரோஹா2010:
அதே பிஎஸ்ஜி ஜூலை 13 வரை அமெரிக்காவில் கிளப் உலகக் கோப்பை ஆடியது. சரியாக ஒரு மாதத்தில் சூப்பர் கோப்பை. சீசனுக்கு முன் ஓய்வே இல்லாத கால், செப்டம்பரில் பிரான்ஸ் சட்டையில் கிழிந்தால் பழி முழுக்க பிரான்சுக்கா? பார்சாவும் அந்தக் கோடையில் கோபே, சியோல், தேகு என்று ஆசியா சுற்றியது. தேசிய அணியா கேட்டது? ரோட்ரி, கார்வஹால், இரண்டு தடவை மிலித்தாவ், இவர்கள் எல்லோருக்கும் முழங்கால் போனது கிளப் ஆட்டத்தில்தான்.

பார்சாவின் ஃபிரெங்கி டி யோங்கை மறந்துவிட்டீர்களா? கணுக்கால் சரியாகாமல் நெதர்லாந்து முகாமுக்கு வந்து, 2024 யூரோவையே தவறவிட்டார். பார்சா ரிஸ்க் எடுத்தது என்று நெதர்லாந்து கோச் கூமன் பொதுவெளியில் சொன்னார், அவரே பார்சாவின் பழைய கோச். நீங்கள் கேட்கும் அதிகாரத்தைக் கிளப் டாக்டருக்குக் கொடுத்தால் நெதர்லாந்து டாக்டருக்கும் கொடுப்பீர்களா? சாம்பியன்ஸ் லீக் அரையிறுதிக்கு முன்னால் “இவர் ஆடக் கூடாது” என்று அவர் எழுதினால் ஃபிளிக் உட்கார வைப்பாரா?

நடுக்களம்8:
ஃபிரெங்கி விஷயத்தில் பார்சா மேல் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கிளப் தப்பு செய்தால் மறுநாள் காலை அதன் விலையையும் கிளப்பே கொடுக்கிறது. தேசிய கோச் பத்து நாள் வைத்திருந்துவிட்டு விமானம் ஏற்றி அனுப்பிவிடுவார், அடுத்த சனிக்கிழமை அவருக்கு ஆட்டம் கிடையாது. பிரச்சினையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

ரோஹா2010:
கிளப் மட்டும் வெளிப்படையாக இருக்கிறதா? 2025 நவம்பரில் முகாம் தொடங்கும் நாள் காலையிலேயே யமாலுக்கு இடுப்படியில் ரேடியோ அலை சிகிச்சை செய்தார்கள், முன்கூட்டிச் சொல்லவில்லை என்று ஸ்பெயின் சங்கம் அறிக்கையே விட்டது. அவரை முகாமிலிருந்து திருப்பி அனுப்பியும் வைத்தது. இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் ஒளித்தால் நடுவில் அந்தப் பையன் உடம்புதான் கெடும்.

பழைய விங்கர்:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். காவிக்கு 2025 செப்டம்பரில் அதே வலது முழங்காலில் மறுபடி அறுவை சிகிச்சை, இந்த முறை மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பு, ஸ்பெயின் ஆட்டம் எதுவும் காரணம் இல்லை. 2024 அக்டோபரில் செவியாவோடு அவர் திரும்பி வந்தபோது பெத்ரி கேப்டன் பட்டையைக் கழற்றி அவர் கையில் கட்டிவிட்டார், வீட்டில் உட்கார்ந்து பார்த்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படி வந்தவர் ஒரு வருஷத்தில் திரும்ப ஆபரேஷன் தியேட்டரில். எனக்கு வேண்டியது இரண்டு பக்கத்திலும் சம்பளம் வாங்காத ஒரு டாக்டர். ஸ்கேனை அவர் பார்க்கட்டும், ஆடலாமா என்று அவர் சொல்லட்டும்.

நடுக்களம்8:
அண்ணே, கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கிளப் டாக்டர் ஒரு பையனின் தசையை எட்டு வருஷமாகப் பார்க்கிறவர், வெளியாள் ஒரு ஸ்கேனில் என்ன கண்டுபிடிப்பார்?

பழைய விங்கர்:
எட்டு வருஷ ஃபைலையும் அவரிடம் கொடுக்கச் சொல்கிறேன் தம்பி.

ரோஹா2010:
இதற்கு நான் தயார். ஆனால் கிளப் ஆட்டத்துக்கும் அதே டாக்டர், அதே விதி. அந்த டாக்டருக்குச் சம்பளம் யார் கொடுப்பது?

பழைய விங்கர்:
ஃபிஃபாதான். 2026 உலகக் கோப்பைக்கு ஆட்டக்காரர்களை விடும் கிளப்புகளுக்கு 35.5 கோடி டாலர் ஒதுக்கியிருக்கிறார்கள். அதிலிருந்து எடுக்கட்டும்.