மியூனிக்கிலிருந்து ராவென்னாவுக்கு காரில்: பிரென்னர் வழியா, கிளாக்னர் வழியா?

வெண்பனி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பையன் மியூனிக்ல மேற்படிப்பு படிக்கிறான். செப்டம்பர்ல நான், வீட்டுக்காரர், மக, மாமியார் நாலு பேரும் அவனைப் பார்க்கப் போறோம். அவனுக்கு ஒரு வாரம் லீவு. கார் வாடகைக்கு எடுத்துக்கிட்டு சுத்தலாம்னு எண்ணம்.

பிரச்சனை என்னன்னா ஆளுக்கொரு ஆசை. வீட்டுக்காரருக்கு மலை ரோட்டுல வண்டி ஓட்டணும். கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவு ஓட்டின ஆளு, ஆல்ப்ஸ் எனக்கு எம்மாத்திரம்னு இப்பவே பேச்சு. மகளுக்கு 12 வயசு, அவளுக்குக் கோட்டை வேணும், அதுவும் போஸ்டர்ல வர்ற அந்த வெள்ளைக் கோட்டை, நொய்ஷ்வான்ஸ்டைன். மாமியார் ரிட்டயர் ஆன வரலாற்று டீச்சர். வருஷக்கணக்கா பசங்களுக்கு பைசாண்டியப் பேரரசர் ஜஸ்டினியன், அவரோட ராணி தியோடோரான்னு பாடம் நடத்தினவங்க, இத்தாலியில இருக்கற அந்த ராவென்னா மொசைக்கை (சின்னச் சின்ன வண்ணக் கல்லைப் பதிச்ச படம்) நேர்ல பார்க்கணும்கறாங்க. முட்டி வலி உண்டு, நடப்பாங்க ஆனா படி ஏறினா மூச்சு வாங்கும்.

கூகுள் மேப் பிரென்னர் கணவாய் வழியா போகச் சொல்லுது, ஏழு மணி நேரம்னு காட்டுது. ஒரே மூச்சுல போயிட்டு வந்துடலாமா, இல்ல வேற வழி இருக்கா? சைவம் (முட்டை ஓகே), சாப்பாட்டுக்கும் யாராவது வழி சொன்னா புண்ணியமாப் போகும்.

தட்டான்பூச்சி எழுதியது:

நான் ஆஸ்திரியாவுல வில்லாக்ல குடியிருக்கேன். ஊர்லேருந்து யார் வந்தாலும் இந்த ரூட்லதான் கூட்டிட்டுப் போறது வழக்கம். அதனால நீளமாத்தான் எழுதுவேன், பொறுத்துக்கங்க.

பிரென்னரைத் திரும்பி வரும்போது வச்சுக்கங்க. போகும்போது கிழக்குப் பக்கமா, சால்ஸ்பர்க், கிராஸ்கிளாக்னர் மலை ரோடு, வில்லாக், இத்தாலியில அக்விலேயா, அப்புறம் ராவென்னா. இதுக்குக் காரணம் உங்க வீட்டுக்காரர் இல்ல, மாமியார். ராவென்னாவோட தங்கத்தை முதல்ல பார்த்துட்டா, அதுக்கப்புறம் அக்விலேயா வெறும் தரையாத்தான் தெரியும். அக்விலேயாவை முதல்ல பார்த்தா ராவென்னாவே வேற மாதிரி புரியும். ஏன்னு கீழே சொல்றேன்.

மியூனிக்லேருந்து சால்ஸ்பர்க் ரெண்டு மணி நேரத்துக்குள்ள. ஊருக்குள்ள நுழையாம இன்னும் 40 கிலோமீட்டர் தெற்க போனா சால்சாக் பள்ளத்தாக்குல ஒரு பாறை மேல ஹோஹென்வெர்ஃபென் கோட்டை நிக்கும். 1077-ல சால்ஸ்பர்க் பேராயர் கெப்ஹார்ட், போப்புக்கும் மன்னருக்கும் சண்டை முத்தின சமயத்துல, போப் பக்கம் நின்னு கட்டினது. பின்னாடி பேராயர்களுக்கு ஜெயிலாவும் ஆச்சு. மேல போக லிஃப்ட் இருக்கு, மாமியாருக்குக் கவலை இல்ல. அங்க வல்லூறு, கழுகு பறக்கவிட்டுக் காட்டுவாங்க, உங்க மக அதுலயே விழுந்துடுவா. கோட்டைன்னா எனக்கு இதுதான் கோட்டை. வெள்ளைக் கோட்டை பத்தி மத்தவங்க சொல்லட்டும், நான் வாயைத் திறந்தா சண்டை வரும்.

அன்னிக்கு ராத்திரி ஃபுஷ் இல்ல செல் ஆம் ஸே பக்கம் தங்கிட்டு காலையில சீக்கிரமே கிளாக்னர் ரோட்டுல ஏறிடுங்க. மதியத்துக்கு மேல மேகம் இறங்கிடும். 48 கிலோமீட்டர், 36 கொண்டை ஊசி, 1935-ல திறந்தது. கார் டிக்கெட் 40 யூரோவுக்கு மேல வரும். ராத்திரி மூடிடுவாங்க. மே ஆரம்பத்துலேருந்து நவம்பர் ஆரம்பம் வரைக்கும்தான் ரோடே திறந்திருக்கும், ஆனா செப்டம்பர்லயே பனி பெஞ்சு ஒருநாள் மூடினாலும் மூடுவாங்க. அப்படி ஆச்சுன்னா மிட்டர்சில்லேருந்து லீன்ஸுக்கு ஃபெல்பர்டவர்ன் சுரங்கப் பாதை இருக்கு, அதுக்கும் தனிக் கட்டணம். வீட்டுக்காரர் கிட்ட சொல்லுங்க: கொல்லிமலையைவிட வளைவு கம்மி, ஆனா உயரம் 2,504 மீட்டர், இறங்கற சரிவு விடாம நீளமாப் போகும். ரெண்டாவது கியர்ல விட்டு இறங்கணும். ஆட்டோமேட்டிக்னா மேனுவல் மோடுக்கு மாத்திக்கங்க. பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா பாதி வழியில தீஞ்ச வாடை வரும்.

பாதியில பிரியற கிளை ரோட்டுல ஃபிரான்ஸ் யோசெஃப் மேடு இருக்கு. எதிர்ல 3,798 மீட்டர் கிளாக்னர் சிகரம், கீழே பாஸ்டெர்ட்ஸெ பனியாறு. 1963-ல ஜனங்களைப் பனி கிட்ட இறக்கிவிட ஒரு இழுவை ரயில் போட்டாங்க. அது போய் நிக்கிற இடத்துல இன்னிக்குப் பனி இல்ல, வெறும் பாறைதான். பனி அதுக்கும் ரொம்பக் கீழே சுருங்கிப் போச்சு. மர்மோட்னு பெரிய அணில் மாதிரி ஒரு பிராணி ஓடும், மகளுக்குக் காட்டுங்க.

இப்ப மாமியாருக்கான விஷயம். இந்த ரோட்டோட உச்சி, ஹோக்டோர், ரோமானியர் காலத்துலயே ஜனம் நடந்த கணவாய். இந்த ரோடு போட்டப்ப அங்க ரோமானிய காலத்து வெண்கல ஹெர்குலிஸ் சிலை ஒண்ணு கிடைச்சது. அந்தப் பக்கம் ஹைலிகென்ப்ளூட்ல இறங்கி ம்யோல் ஆத்தோரமாவே போனீங்கன்னா ஸ்பிட்டால் பக்கத்துல டியூர்னியா வரும். ரோமானிய ஊரு, பின்னாடி பிஷப் இருந்த ஊரு. ஊருக்கு வெளிய ஒரு பழைய கல்லறைக் கோயில்ல கி.பி. 500 வாக்குல போட்ட மொசைக் தரை அப்படியே இருக்கு. பன்னிரண்டு கட்டம், மான், முயல், வாத்துன்னு கட்டத்துக்கு ஒரு படம். உர்சுஸும் பொண்டாட்டி உர்சினாவும் நேர்த்திக்கடனுக்காகப் போட்டதுன்னு அதுலயே எழுதியிருக்கு. பெரும்பாலானவங்க இதைத் தாண்டி நெடுஞ்சாலையில பறந்துடுவாங்க. மியூசியம் கோடையில மட்டும்தான், கிளம்பறதுக்கு முன்னாடி திறக்கிற நாளைப் பார்த்துக்கங்க.

அங்கேருந்து வில்லாக், டார்விசியோ, உதினே தாண்டி அக்விலேயா. கி.மு. 181-ல ரோமானியர் உண்டாக்கின துறைமுக நகரம். கி.பி. 452-ல அட்டிலா வந்து அழிச்சுட்டுப் போனதுக்கப்புறம் பழைய பவிசு வரவே இல்ல, இப்ப ஒரு கிராமம். இங்கதான் 313-ல ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவங்களுக்கு வழிபாட்டுச் சுதந்திரம் கொடுத்த கையோட பிஷப் தியோடோர் ஒரு பெரிய மண்டபம் கட்டி, 700 சதுர மீட்டருக்கு மேல மொசைக் தரை போட்டார். பின்னாடி அது மேலயே வேற தரை போட்டு மூடி, அடுத்தடுத்து கோயில் எழும்பிடுச்சு. 1909-ல தோண்டறவரைக்கும் யார் கண்ணுலயும் படல. அப்ப அந்த ஊரு ஆஸ்திரியா-ஹங்கேரியில இருந்துச்சு.

இப்ப கண்ணாடி நடைபாதையில நின்னு குனிஞ்சு பார்க்கணும். கிழக்கு முனையில முழுக்கக் கடல். மீன், கணவாய் மீன், தூண்டில் போடற குட்டிப் பசங்க. அந்தக் கடலுக்குள்ள பைபிள்ல வர்ற தீர்க்கதரிசி யோனா. படகுலேருந்து அம்மணமாத் தூக்கிப் போடறாங்க, நீளக் கழுத்துப் பூதம் ஒண்ணு முழுங்குது, அப்புறம் துப்புது, கடைசியில யோனா சுரைக்காய் தொங்கற பந்தலுக்கு அடியில காலை நீட்டிப் படுத்திருக்கார். வேற ஒரு கட்டத்துல சேவலும் ஆமையும் மோதிக்குது, வெளிச்சமும் இருட்டும்னு விளக்கம் சொல்வாங்க. இவ்வளவு பெரிய தரையில இயேசுவோட முகம்னு ஒண்ணு நேரா கிடையாது. தோள்ல ஆட்டைப் போட்டுக்கிட்டு, கையில குழல் வச்சிருக்கிற மேய்ப்பன்தான். சாதாரண இடையன் உடுப்பு. அந்த மேய்ப்பனை மாமியார் நல்லா மனசுல வாங்கிக்கட்டும்.

ராவென்னாவுல கல்லா பிளாசிடியாங்கற ரோமானிய அரசி பேர்ல இருக்கற கல்லறைக்குள்ள போனா வாசலுக்கு மேல திரும்பவும் அதே மேய்ப்பன். நூறு வருஷம்தான் தள்ளி. ஆனா இப்ப தங்க அங்கி, ஊதாத் துணி, கைக்கோல் இருந்த இடத்துல தங்கச் சிலுவை. அங்கேருந்து பத்து அடி நடந்து சான் விதாலேக்குள்ள போங்க, 547-ல அர்ச்சிச்ச கோயில். அங்க இயேசு ஆடு மேய்க்கிறதே இல்ல, ஊதா உடுத்திக்கிட்டு நீல உருண்டை மேல ராஜாவா உட்கார்ந்திருக்கார். கீழே ரெண்டு பக்கமும் ஜஸ்டினியனும் தியோடோராவும். தரையில இருந்த படமெல்லாம் சுவருக்கும் கூரைக்கும் ஏறிடுச்சு. 427-லயே சிலுவையைத் தரையில போடக்கூடாதுன்னு பேரரசர் ரெண்டாம் தியோடோசியஸ் சட்டம் போட்டிருந்தார், மிதிபடக் கூடாதுல்ல. இந்த வரிசையிலதான் பார்க்கணும்கறது அதனாலதான்.

நடுவுல அக்விலேயாவுக்குத் தெற்கே கடல் நடுவுல கிராதோ. தங்கறதுக்கு அதுதான் வசதி, சான்டா எயுஃபெமியா கோயிலும் அங்கயே. ஆறாம் நூற்றாண்டுத் தரை, அலை அலையா ஓடும். நம்ம ஊரு கோயில் டியூப்லைட்ல "உபயம்"னு எழுதற மாதிரி, யார் எத்தனை அடி மொசைக்குக்குக் காசு கொடுத்தாங்கன்னு தரையிலயே பேர் போட்டு எழுதியிருக்கு. அதுல பட்டாளத்துக்காரங்களும் உண்டு.

கிராதோவுலேருந்து ராவென்னா போறப்ப, வெனிஸ் பக்கத்துலேருந்து ரோமேயான்னு ஒரு ரோடு, லாரி அதிகம், முந்தாதீங்க. வழியில பொம்போசா மடத்து மணிக்கூண்டு தெரியும், இறங்கிப் பாருங்க.

கீழ்வீதி எழுதியது:

தட்டான்பூச்சி அண்ணனுக்கு நொய்ஷ்வான்ஸ்டைன் என்றாலே ஆகாது, தெரியும். 😄 ஆனால் 12 வயசுப் பிள்ளையின் ஆசையை அப்படித் தள்ளிவிட முடியுமா?

வெண்பனி அக்கா, அந்தக் கோட்டை மியூனிக்குக்குத் தென்மேற்கே, நீங்கள் போகும் திசையே வேறு. அதனால் கார் எடுப்பதற்கு முந்தைய நாளே ரயிலில் போய் வந்துவிடுங்கள். ஃப்யூஸென் வரை ரயில், அங்கிருந்து பஸ். பயர்ன் டிக்கெட் எடுத்தால் ஐந்து பேரும் ஒரே சீட்டில் போகலாம். வார நாளில் அது காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும். கோட்டைக்குள் நேரம் குறித்த வழிகாட்டிச் சுற்று மட்டும்தான், ஆன்லைனில் முன்பே பதிந்துவிடுங்கள். குதிரை வண்டி உண்டு, ஆனால் வாசல் வரை வராது, கடைசி மேட்டை நடக்க வேண்டும். உள்ளேயும் படிகள் நிறைய. மாமியார் கீழே ஏரிக்கரையில் உட்காருவது நல்லது என்றுதான் சொல்லியிருப்பேன், ஆனால் அவர் வரலாற்று டீச்சர் என்பதால் இதையும் சொல்கிறேன்.

கோட்டையே 1869-ல் தொடங்கியது. அதைக் கட்டிய பவேரிய ராஜா இரண்டாம் லுட்விக் 1886-ல் செத்துப்போனபோது பல அறைகள் முடியவில்லை, சில வாரங்களில் டிக்கெட் போட்டு ஜனங்களை உள்ளே விட்டுவிட்டார்கள். அண்ணன் பொம்மைக் கோட்டை என்று கேலி செய்வது அதனால்தான். ஆனால் அதன் சிம்மாசன மண்டபம் அப்படியே பைசாண்டிய (கிழக்கு ரோமானிய) கோயில் பாணி. தங்கப் பின்னணி, நீலத் தூண்கள், தரையில் மிருகங்களும் செடிகளுமாக மொசைக். சிம்மாசனம் மட்டும் வரவே இல்லை. ராவென்னாவுக்குப் போகும் ஆள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு ராஜா அந்த உலகத்தைக் கனவு கண்டு வைத்ததையும் பார்க்கட்டுமே.

ஸ்டியரிங் எழுதியது:

வண்டி விஷயம் மட்டும் சொல்றேன்.

இந்திய லைசென்ஸோட சர்வதேச ஓட்டுநர் பர்மிட் கட்டாயம் எடுத்துட்டு வாங்க, ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கொடுப்பாங்க. ஆஸ்திரியா, இத்தாலி போறோம்னு வாடகைக் கம்பெனி கிட்ட முன்னாடியே சொல்லி எழுத்துல வாங்கிக்கங்க. அஞ்சு பேருக்கும் பெட்டிக்கும் சின்ன கார் பத்தாது, ஸ்டேஷன் வேகன் எடுங்க.

ஆஸ்திரிய நெடுஞ்சாலைக்கு விக்னெட்ங்கற சுங்கச் சீட்டு வேணும், 10 நாளுக்கு 12 யூரோ சொச்சம், ஆன்லைன்ல வண்டி நம்பருக்கு வாங்கலாம். திரும்பும்போது பிரென்னர் ரோட்டுக்கு அது செல்லாது, தனிச் சுங்கம். இத்தாலியில ஏறும்போது சீட்டு எடுத்து இறங்கும்போது கட்டணும், மஞ்சள் போர்டு போட்ட டெலிபாஸ் (தானா கட்டணம் பிடிக்கிற கருவி வச்ச வண்டிக்கானது) வரிசைக்குள்ள மட்டும் போயிடாதீங்க. பெட்ரோலை வில்லாக்லயே ரொப்பிக்கங்க, இத்தாலியில விலை ஜாஸ்தி.

எல்லாத்தையும்விட முக்கியம்: இத்தாலிய ஊர்களோட பழைய நடுப்பகுதியில ZTL-னு போர்டு இருக்கும். ஊர்க்காரங்க வண்டி மட்டும்தான் உள்ள போகலாம். தடுப்பும் இருக்காது, போலீஸும் இருக்காது, கேமரா மட்டும்தான். அபராதம் மாசம் கழிச்சு வீட்டுக்கு வரும். உங்க விலாசத்தைப் போலீஸுக்குக் கொடுத்ததுக்கு வாடகைக் கம்பெனியும் தனியா ஒரு பில் போடும். ராவென்னாவுலயும் இது உண்டு. ஹோட்டல் உள்ள இருந்தா வண்டி நம்பரைப் பதிஞ்சு தரச் சொல்லுங்க, இல்லன்னா வெளியவே நிறுத்திட்டு நடங்க. ஊரு தட்டை, முட்டிக்கு ஒண்ணும் ஆகாது.

வெண்பனி எழுதியது:

மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. மாமியாருக்குப் படிச்சுக் காட்டினேன், அந்த மேய்ப்பன் பத்திய பத்தியைத் திரும்பப் படிக்கச் சொன்னாங்க. அவங்க ரெண்டு கேள்வி: அக்விலேயாவுல கண்ணாடியில பிரதிபலிப்பு இல்லாம படம் தெரியுமா? ராவென்னாவுல எதையாவது விடணும்னா எதை விடலாம்? எனக்கு ஒரே கேள்வி: சாப்பாடு!

தட்டான்பூச்சி எழுதியது:

கண்ணாடி நடைபாதை ஓரம்தான், நடுத் தரை திறந்தே கிடக்கு, நல்லாத் தெரியும். சின்ன பைனாகுலர் ஒண்ணு எடுத்துட்டு வரச் சொல்லுங்க, ராவென்னாவுல சுவர் மேல பார்க்கவும் ஆகும். தியோடோராவோட அங்கி ஓரத்துல மூணு ஞானிகள் காணிக்கை கொண்டு போற மாதிரி பூவேலை இருக்கு, வெறும் கண்ணுக்கு சட்டுனு பிடிபடாது.

நேரம் பத்தலைன்னா கவிஞர் தாந்தே கல்லறையை விடுங்க (அடிக்க வராதீங்க யாரும்). சான்ட் அப்பொல்லினாரே நுவோவோ கோயிலை விடக் கூடாது. அங்க, பைசாண்டியருக்கு முன்னாடி ஊரை ஆண்ட காத் ராஜா தியோடோரிக்கோட அரண்மனைப் படத்துல தூண்களுக்கு நடுவுல நின்ன ஆளுங்களை, பைசாண்டியர் ஊரைப் பிடிச்சதுக்கப்புறம் அழிச்சுட்டுத் திரைச்சீலை போட்டுட்டாங்க. ஆனா தூண் மேல அங்கங்க கை மட்டும் மிச்சம் இருக்கு. டீச்சரம்மா பேத்திக்கு இதை வச்சே ஒரு பாடம் எடுத்துடுவாங்க. கல்லா பிளாசிடியாவுக்கு நேரம் குறிச்சுப் பதியணும், கூட்டமான காலத்துல அஞ்சு நிமிஷத்துக்கு மேல நிக்க விட மாட்டாங்க. உள்ள போனதும் கண்ணு இருட்டுக்குப் பழகவே ஒரு நிமிஷம் போயிடும், போட்டோ எடுத்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சாப்பாடு: எங்க கேரிந்தியா மாநிலத்துல காஸ்னூடெல்னு ஒண்ணு, மாவுக்குள்ள தயிர்க்கட்டி, உருளைக்கிழங்கு, புதினா வச்சு விளிம்பை விரலால மடிச்சு வேக வச்சது. மேல வெண்ணெய்தானான்னு கேட்டுக்கங்க, சில இடத்துல பன்னிக்கறி தூவிடுவாங்க. கிராதோ பக்கம் ஃப்ரிகோ, சீஸும் உருளைக்கிழங்கும் மொறுமொறுன்னு. ராவென்னாவுல பியாதினா ரொட்டி தெருவுக்குத் தெரு கிடைக்கும், ஸ்குவாக்குவெரோனேன்னு இளகின சீஸ் வச்சுத் தருவாங்க. ஆனா பழைய முறையில மாவையே பன்னிக் கொழுப்பு சேர்த்துத்தான் பிசைவாங்க. "சென்சா ஸ்ட்ருட்டோ"ன்னு சொல்லி, ஆலிவ் எண்ணெய்ல பிசைஞ்சதான்னு உறுதி பண்ணிக்கிட்டு வாங்குங்க.