மேக்காலத் தோட்டம் குடும்பம்: பிரபுவோட மழைக் கோட்டு

பிரபு: மாமாவும் அத்தையும் வெள்ளிக்கிழமை பிளைட் ஏறறாங்கல்ல, அவங்ககிட்ட ஒரு மழைக் கோட்டு குடுத்து விடுங்க. ஆபீஸ் பசங்க மான் வேட்டைக்கு கூப்பிடறாங்க. பென்சில்வேனியாவுல நவம்பர் கடைசின்னா குளுரும் மழையும் ஒட்டுக்கா வரும்

அம்மா: வேட்டையா

அம்மா: கார்த்திகை மாசம்டா. அப்பா மாலை போட்டிருக்காரு

சித்தப்பா: இங்க முயல் அடிச்சாலே கேஸு. 1972லயே சட்டம் போட்டாச்சு

பிரபு: லைசென்ஸ் எடுத்துட்டுத்தானுங் போறோம்

பெரியப்பா: கோட்டெல்லாம் எதுக்கு கண்ணு. சாக்குல ஒரு மூலைய இன்னொரு மூலைக்குள்ள மடிச்சுத் தள்ளி தலைல போட்டா கொங்காடை, அடமழைலயும் நாங்க அப்படித்தான் மாடு மேச்சோம், அப்பாரு மட்டும் கம்பளி போட்டுக்குவாரு, அது எவ்வளவு நனைஞ்சாலும் சூடு போகாது

அப்பா: அந்தக் கம்பளி இப்ப உங்கூட்டுப் பொட்டிலதான இருக்குதுங்ணா

பெரியப்பா: பாகம் பிரிச்சப்பவே பேசி முடிச்சாச்சு

குமார் திருப்பூர்: அப்பா விடுங்க. டேய் என்ன மாதிரி கோட்டு

பிரபு: பைக்குக்குப் போடற ரப்பர் கோட்டு வேண்டாண்ணா, மழைய விடாது ஆனா வேர்வையும் வெளிய போகாது, மேடு ஏறிட்டு அசையாம உக்காந்தம்னா அந்த வேர்வைலயே வெறச்சுப் போயிருவோம், அப்பறம் கைய ஆட்டுனா சரசரன்னு சத்தம் வரும், மானுக்கு அது போதும் ஓடறதுக்கு. மேல ஃப்ளீஸ் துணியாட்ட மெத்துனு, நடுவுல மழைய விடாம வேர்வைய மட்டும் வெளிய விடற கோர்டெக்ஸ் மாதிரி படலம், கக்கத்துல ஜிப்பு. உள்ள காட்டன் பனியனே ஆகாது, நனைஞ்சா ஒடம்புச் சூட்ட உறிஞ்சிரும்

குமார் திருப்பூர்: பனியனே ஆகாதுன்னு திருப்பூர்க்காரங்கிட்டயே சொல்ற

குமார் திருப்பூர்: படலம் நம்மகிட்ட இல்ல. ஃப்ளீஸ் இருக்கு

செல்வி அத்தை: பச்சைக் கலர்னா மானுக்குத் தெரியாதல்ல

பிரபு: மானுக்கு ஆரஞ்சே சரியாத் தெரியாதுங் அத்தை. துப்பாக்கி வெச்சிருக்கற இன்னொருத்தனுக்குத்தான் நம்மளத் தெரியோணும். தலை நெஞ்சு முதுகு சேத்து 250 சதுர இஞ்ச் ஃப்ளோரசன்ட் ஆரஞ்சு இருக்கோணும்னு இங்க ரூல்

குமார் திருப்பூர்: 16க்கு 16 துண்டு. கோட்ட அங்கயே வாங்கிக்க, மேல போடற ஆரஞ்சு வெஸ்ட்டும் தொப்பியும் நான் தெச்சுத் தர்றேன்

பெரியப்பா: பழனிக்குக் கட்டற காவி வேட்டி ரெண்டு சும்மா கெடக்குது

பிரபு: காவி செல்லாதுங் பெரியப்பா. ரோட்டு வேலைக்காரங்க சட்டை மாதிரி பளீர்னு இருக்கோணும்

செல்வி அத்தை: பொட்டி இப்பவே ஃபுல்லு. போன தடவ அஞ்சு கிலோ முறுக்கு தூக்கிட்டுப் போனோம், வந்து சேந்துச்சான்னு ஒரு போன் கூட இல்ல

அம்மா: நங்கை அவனுக்கு அப்ப நைட் ஷிப்டுங்க

செல்வி அத்தை: ஆறு மாசமுமா

சித்தப்பா: பவானிசாகர் டேம்ல எத்தன அடிங்? 105 ஆகப் போகுதுங்கறாங்க

அப்பா: உபரித் தண்ணி தொறந்துருவாங்க. கொடிவேரிப் பக்கம் பசங்கள விட்றாதீங்க

பெரியப்பா: மஞ்சக்காட்டுல தண்ணி நிக்குது. வடிகால் வெட்ட ஆள் கெடைக்கல

குமார் திருப்பூர்: பிரபு நெஞ்சு எத்தன இஞ்ச்

பிரபு: 42. உள்ள ஜாக்கெட் போடோணும், 46 வெச்சுக்கண்ணா

அம்மா: ஒண்ணும் தெக்க வேண்டாம். மாலை கழட்டுன பொறவு பேசிக்கலாம்

பிரபு: சீசன் முடிஞ்சிரும்மா

செல்வி அத்தை: ஒரு கிலோன்னா கொண்டு போலாங்கறாரு மாமா. முறுக்கா வெஸ்ட்டான்னு ஒண்ணு சொல்லுங்க