பொருள்: விஐ எடிட்டரின் 'மோட்', தமிழில் என்ன? (திங்கட்கிழமைக்குள் வேண்டும்)

தஞ்சாவூரிலிருந்து, ஆய்வக ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். லினக்ஸ் ஆய்வகக் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. முதலாமாண்டில் பாதிப்பேர் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். எல்லாம் முடிந்தது, 'மோட்' மட்டும் நிற்கிறது. விஐ என்பது கோப்புகளை எழுதித் திருத்தும் மென்பொருள். அதில் ஒரே விசை ஒரு மோடில் ஆணையாகும், இன்னொரு மோடில் எழுத்தாகும்.

நேற்று மாதிரிக்கு 'மணிமேகலை' என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டச் சொன்னேன். ஒரு மாணவி விஐயைத் திறந்ததும் தட்டினாள். திரையில் 'மேகலை' மட்டும் வந்தது. எம், ஏ இரண்டும் சேர்ந்து ஓர் அடையாளக்குறி வைத்துவிட்டன. என், இல்லாத பழைய தேடலைத் தேடியது. ஐ விழுந்த பிறகுதான் எழுத வழி திறந்தது. அப்புறம் வெளியே வரத் தெரியாமல் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டாள். அவளுக்குப் புரியும்படி ஒரு சொல் கொடுங்கள்.

கோவையிலிருந்து, மென்பொருள் தமிழாக்கம் செய்பவர்

'பயன்முறை' இருக்கிறதே அம்மா. கைப்பேசியில் 'விமானப் பயன்முறை' என்று தினமும் பார்க்கிறார்கள். புழங்கும் சொல்லை விட்டுப் புதிது தேட வேண்டாம். செருகு பயன்முறை, இயல்பு பயன்முறை, கட்டளைப் பயன்முறை. முடிந்தது.

மதுரையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

'பயன்முறை' என்றால் பயன்படுத்தும் முறை. அந்தப் பெண் பயன்படுத்தத் தெரியாமலா சிக்கினாள்? தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் சிக்கினாள். நன்னூலார் புணர்ச்சியை இயல்பு, விகாரம் என்று பிரித்தார். விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். எடிட்டரிலும் அதுவேதான். எழுத்தைச் செருகினால் தோன்றல், ஒன்றன்மேல் ஒன்றை எழுதினால் திரிதல், அழித்தால் கெடுதல். நார்மல் என்பது 'இயல்பு', மற்றவை 'விகாரம்'. எண்ணூறு ஆண்டாக நம்மிடம் இருக்கும் சொற்கள் இவை.

யாழ்ப்பாணத்திலிருந்து, கணித ஆசிரியர்

ஐயா, ஒப்புமை அழகு. ஆனால் பொருந்தவில்லை. விஐயில் டி விசையை இருமுறை அழுத்தினால் முழு வரியும் போய்விடும். அது நடப்பது நீங்கள் சொல்லும் 'இயல்பில்' அல்லவா? கெடுதல் இயல்புக்குள் வந்துவிட்டதே.

இன்னொன்று. 'மோட்' என்றதும் பிள்ளைகளுக்குப் புள்ளியியல் நினைவுக்கு வரும். உங்கள் புத்தகத்தில் அது முகடு, எங்களுடையதில் ஆகாரம். ஒரே ஆங்கிலச் சொல்லுக்குக் கடலின் இரு கரையிலும் வேறு வேறு சொல், இரண்டுமே இங்கே உதவாது. நான் 'பாங்கு' என்பேன்.

சென்னையிலிருந்து, சிஸ்டம் அட்மின்

சொல்லுக்கு முன் பொருளைப் பார்ப்போம். பில் ஜாய் 1976-இல் விஐயை எழுதியபோது அவர் முன்னால் இருந்தது ADM-3A என்ற டெர்மினல், அதாவது திரையும் விசைப்பலகையும் சேர்ந்த கருவி. இயல்புக்குத் திரும்ப அழுத்தும் எஸ்கேப் விசை அதில் இன்றைய டேப் விசையின் இடத்தில், சுண்டுவிரலுக்கு எட்டும்படி இருந்தது. இன்று அது மூலைக்குப் போய்விட்டது. கணினி விஞ்ஞானி லாரி டெஸ்லர் 'மோடே வேண்டாம்' என்று காலமெல்லாம் வாதாடினார், காரின் நம்பர் பிளேட்டிலும் அதையே போட்டுக்கொண்டார். 'மணிமேகலை' தட்டிய மாணவியைப் பார்த்தால் அவர் பக்கம் நியாயம் தெரிகிறது.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு பூட்டும் உண்டு. விசைப்பலகை தமிழ்99 என்ற தமிழ்த் தட்டச்சு முறையில் இருக்கும்போது, வெளியேறுவதற்காகக் கோலன் போட்டுக் கியூ விசையைத் தொட்டால் அடிவரியில் 'ஆ' விழும். அப்படி ஒரு ஆணை இல்லை என்று விம் (விஐயின் வளர்ந்த வடிவம்) சொல்லும். எஸ்கேப் அழுத்தியும் பயனில்லை, ஏனென்றால் தமிழா ஆங்கிலமா என்பதே தனியாக ஒரு மோட். 'நிலை' என்று வைத்தால் இரண்டையும் கேட்கலாம்: விசைப்பலகை எந்த நிலையில் இருக்கிறது, எடிட்டர் எந்த நிலையில் இருக்கிறது?

கோவையிலிருந்து

'நிலை'யை ஸ்டேட்டுக்கும் ஸ்டேட்டசுக்கும் ஏற்கெனவே கொடுத்தாயிற்று. திரையின் அடியில் வரும் ஸ்டேட்டஸ் லைனை 'நிலைவரி' என்கிறோம். 'நிலைவரியில் நிலையைப் பார்' என்று எழுதுவீர்களா?

சென்னையிலிருந்து

எழுதுவேன். அங்கேதானே பார்க்க வேண்டும்?

தஞ்சாவூரிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை அதே மாணவியிடம் மூன்று சொற்களையும் சொல்லிப் பார்த்தேன். 'எந்தப் பயன்முறையில் இருக்கிறாய்?' என்றதற்கு விழித்தாள். 'பாங்கு' மசூதியில் கேட்பது என்றாள். 'எந்த நிலையில் இருக்கிறாய்?' என்றதும் திரையின் அடிவரியைப் பார்த்தாள். ஆகவே நிலை: இயல்பு நிலை, செருகு நிலை, கட்டளை நிலை. கையேட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: 'சிக்கிக்கொண்டால் முதலில் விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்று. எஸ்கேப்பை இருமுறை அழுத்து. கோலன், கியூ, ஆச்சரியக்குறி தட்டி என்டர் அழுத்து. எழுதியது சேமிக்கப்படாது.'

எஸ்கேப்புக்குத் தமிழ் தேட நேரமில்லை, விசையில் எழுதியிருப்பதையே வைத்துவிட்டேன்.

மதுரையிலிருந்து

'இயல்பு' ஒன்றாவது நின்றதே, மகிழ்ச்சி. எஸ்கேப்பை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை. 'மீள்விசை' என்று அடுத்த பதிப்பிலாவது போடுங்கள் அம்மா.

கோவையிலிருந்து

எங்கள் கோப்புகளில் 'பயன்முறை' என்றே தொடரும்.