லெமன் பாம்: தழை கூடுகிறது, எண்ணெய் கூடவில்லை

கேள்வி:
இரண்டாம் ஆண்டில் நிற்கும் என் லெமன் பாம் (எலுமிச்சை மணம் கொண்ட, புதினாக் குடும்ப மூலிகை) பயிர் தழையை வாரி வழங்குகிறது. ஆனால் அதை நீராவியில் வடித்தால், சேகரிக்கும் குடுவையில் எண்ணெய் பிரித்தெடுக்க முடியாத மெல்லிய படலமாகவே மிதக்கிறது. ஒரே பாத்தியில் சில செடிகள் எலுமிச்சை மணமும் சில வெறும் பச்சிலை மணமும் வீசுகின்றன. தழைச்சத்தை, அதாவது நைட்ரஜன் உரத்தைக் கூட்டினால் எண்ணெயும் கூடுமா? நன்றாகப் பூத்த பிறகு அறுப்பது நல்லதா? அனுபவம் உள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
படலத்தைக் கண்டு வாலையை, அதாவது வடிக்கும் கலத்தைக் குறை சொல்ல வேண்டாம்; இந்தப் பயிரின் இயல்பே அதுதான். உலர்ந்த இலையில் எண்ணெய் பெரும்பாலும் 0.02 முதல் 0.3 விழுக்காடு வரையே இருக்கும். 0.1 விழுக்காடு என்று வைத்துக்கொண்டாலும், 100 கிலோ உலர் இலை முழுவதையும் வடித்தால் 100 கிராம்தான் தேறும். கலப்பில்லாத எண்ணெய் விலை மிகுந்ததாக இருப்பதற்கும், எலுமிச்சைப் புல் எண்ணெயோ சிட்ரோனெல்லா எண்ணெயோ கலந்த சரக்கு இதன் பெயரில் விற்கப்படுவதற்கும் இதுவே காரணம்.

தழைச்சத்து இலையின் எடையைக் கூட்டும். இலையில் உள்ள எண்ணெயின் விழுக்காடு அதே அளவில் உயரும் என்று எதிர்பார்க்க முடியாது. அளவு மீறினால் செடி கொழுத்துச் சாய்ந்து, அடியில் காற்றோட்டம் குறைந்து, இலைப்புள்ளி நோய்க்கும் சாம்பல் நோய்க்கும் இடம் கொடுக்கும். அடியுரமாக மட்கிய தொழுவுரமும், ஒவ்வொரு அறுப்புக்குப் பின்னும் சிறிதளவு தழைச்சத்தும் போதும் என்பது என் கருத்து.

மறுமொழி 2:
பூத்து முடியும் வரை காத்திருக்காதீர்கள். எண்ணெய் இலையின் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய சுரப்பிகளில் தங்கியிருக்கிறது. விரல் பட்டதுமே மணம் எழுவது அவை உடைவதால்தான். நுனிப்பக்கத்து இளம் இலைகளில் எண்ணெய் மிகுதி, அடியிலைகளில் குறைவு. பூத்த பிறகு அடியிலைகள் பழுத்து உதிர, தண்டின் பங்கு கூடிவிடுவதால், தழையின் தரமும் எண்ணெயும் சேர்ந்தே இறங்குகின்றன. ஆகவே மொட்டு தலைகாட்டும் தறுவாயில், பனி உலர்ந்த பின், தரையிலிருந்து 8 முதல் 10 செ.மீ. கட்டை விட்டு அறுத்தால் மறுதாம்பும் (கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும் பயிர்) நன்றாகத் தழைக்கும்.

அறுத்ததைக் குவித்து வைப்பதுதான் பெரிய கேடு. ஈரத்தழை உள்ளுக்குள் சூடேறிக் கறுப்பதோடு மணத்தையும் இழக்கும். உடனே வடிக்க இயலாவிட்டால் நிழலில் மெல்லியதாகப் பரப்பி, 40 டிகிரி செல்சியசுக்கு மேற்படாத வெப்பத்தில் உலர்த்துங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. நான் மாலை வரை குவித்துவைத்தே வடித்துவந்தேன். மணம் செடிக்குச் செடி மாறுவது ஏன்?

மறுமொழி 3:
அது விதையிலிருந்து வருவது. இந்த இனத்தின் ஆல்டிசிமா என்னும் துணையினத்தில் எலுமிச்சை மணம் தரும் சிட்ரால் மிகக் குறைவு. தோற்றமோ ஏறத்தாழ ஒன்றுதான். நல்ல துணையினத்திலும் விதை நாற்றுகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. இலையைக் கசக்கி முகர்ந்து, மணம் மிகுந்த தாய்ச்செடிகளுக்கு அடையாளக் குச்சி நட்டு, தூர் பிரித்தோ தண்டுத்துண்டு வைத்தோ பெருக்குங்கள். எந்த உரமும் மணமற்ற செடிக்குச் சிட்ராலைக் கொண்டுவராது.

விற்பனை உலர் இலைக்கு என்றால் கணக்கே வேறு. ஐரோப்பிய மருந்து நூல் இந்த இலைக்கு வரையறுப்பது எண்ணெயின் அளவை அன்று. ரோஸ்மரினிக் அமிலம் குறைந்தது 1 விழுக்காடு இருக்க வேண்டும் என்பதையே. அது ஆவியாகாத பொருள் என்பதால், மணம் சுமாரான செடியின் இலையும் அந்த வகையில் தேறலாம். மணம் மிகுந்தவற்றைத் தனியே வாலைக்கு ஒதுக்கி, எண்ணெய் பிரிந்த வடிநீரை அடுத்த வடிப்பில் மீண்டும் கொதிகலத்தில் ஊற்றுங்கள். நீரில் கரைந்துபோன எண்ணெயில் ஒரு பகுதியாவது அவ்வாறு மீளும்.